நடந்து போறதுக்கெண்டு ஒரு பாலம்

மகன்,

இந்தக் கடிதத்துக்குள்ள நாலாய் மடிச்ச பேப்பர் ஒண்டு இருக்கு. முதல் அதை எடுத்து விரிச்சுப் பார். கோயில் முத்திரை குத்தி, சுவாமி கையெழுத்து வைச்சுத் தந்த உன்ர ஞானஸ்நானப் பத்திரம் அது. பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில துலைஞ்சு போச்செண்டு நான் சொன்னது பொய். புத்தகம் ஒரு நாளும் துலையேல்லை. ஏச வேணுமெண்டால் இப்பவே ஏசு, இஞ்ச எனக்குக் கேக்காது. ஏசி முடிய ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து மிச்சத்தை வாசி. சுருக்கமாய்ச் சொல்ல எனக்கு ஏலாது. இவளிட்ட நேரம் கேட்டால் மணிக்கூடு வாங்கின கதை சொல்லுவாள் எண்டு உன்ர கொப்பர் சாகுமட்டும் சொல்லிக்கொண்டுதான் இருந்தவர்.

நான் பாரிசில உன்னோட இருந்த அந்த மூண்டு மாதமும் இப்ப நினைச்சுப் பார்க்கக் கனவு மாதிரித்தான் கிடக்கு. ஊர்காவற்றுறையில இருந்து ஒரு மனுசி பிளேன் ஏறிப் போய் அந்தக் குளிருக்குள்ள, உன்ர பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கை நீட்டினால் சுவரில முட்டுற அந்த அறையில படுத்து எழும்பினவள் எண்டு சொன்னால் எனக்கே நம்ப ஏலாமல் இருக்கு. பாதை திறந்து, சண்டை நிண்டு, ஆக்கள் துணிஞ்சு பயணம் போன அந்த நேரத்தில எனக்கும் விசா வந்தது. வெளிக்கிட முதல் நீ ரெலிபோனில சொன்னனீ, அம்மா வரேக்க என்ர ஞானஸ்நானப் பேப்பரையும் ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு. ஏனெண்டு நீ சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. விசா அலுவலாக்கும் எண்டு நினைச்சுச் சுவாமியிட்ட எழுதுவிச்சு எடுத்துக் கைப்பையில வைச்சுக்கொண்டு வந்தனான். வந்து ஒரு கிழமையாய் உனக்கு வேலை. நீ சாப்பாட்டுக் கடைக் குசினி வேலையால வரேக்க நான் நித்திரை, நான் எழும்பேக்க நீ நித்திரை. பேப்பரைப் பற்றி ரெண்டு பேரும் கதைக்கேல்லை.

அந்தத் திங்கக்கிழமை உனக்கு லீவு. ஒரு பாலம் காட்டுறன் வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனனீ. பாலத்தில என்ன பார்க்க இருக்கெண்டு நான் கேட்க, இது வாகனம் ஓடாத பாலம் அம்மா, சனம் நடக்கிறதுக்கெண்டே கட்டினது எண்டனீ. எனக்கு அது விளங்கேல்லை. எனக்குப் பாலமெண்டால் பண்ணைப் பாலம்தான். பஸ் நிக்கும், எல்லாரும் இறங்க வேணும், பையைத் திறந்து ஆமிக்குக் காட்ட வேணும், அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு வெயிலுக்குள்ள வரிசையில நடக்க வேணும். அப்பிடி நடந்து நடந்து அலுத்த என்னை, ஐயாயிரம் மைலுக்கு அங்கால கூட்டிக்கொண்டு போய், இந்தா நடவுங்கோ எண்டால் எப்பிடி இருக்கும்? பாலம் தொடங்கிற இடத்தில என்ர கை தன்ர பாட்டில பைக்குள்ள போய் அடையாள அட்டையை எடுத்திட்டுது. நீ கண்டிட்டாய். சிரிக்காமல் என்ர கையை மெல்லப் பிடிச்சுத் திருப்பிப் பைக்குள்ள விட்டனீ. அட்டையோட ஒட்டிக்கொண்டு உன்ர பேப்பரும் பாதி வெளியில வந்தது, அதை நீ காணேல்லை.

எங்கட பக்கத்தில ஆறு இல்லை. கடல் இருக்கு, கிணறு இருக்கு, மாரியில வெள்ளம் நிக்கும், அவ்வளவுதான். நகரத்துக்கு நடுவால ஒரு தண்ணி நிக்காமல் ஒரே பக்கம் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கிறதை அண்டைக்குத்தான் ஆறுதலாய்ப் பார்த்தனான். கடலெண்டால் போகும், திரும்பி வரும். இது போனது போனதுதான். பச்சையும் மண்ணிறமும் கலந்த தண்ணி, அதில சரிஞ்ச வெயில், காத்து. கீழ பலகை போட்டிருக்கினம், பலகைக்குப் பலகை நடுவில நீக்கல், நீக்கலுக்குள்ளால தண்ணி ஓடுறது தெரியுது. கண்டு கொஞ்ச நேரத்தில எனக்குத் தண்ணி நிக்குது, பாலம்தான் போகுதெண்டு பட்டுது. கொப்பர் காரைநகருக்கு ஆக்களை ஏத்தி இறக்கின வள்ளத்தில, முன் அணியத்தில நான் சும்மா குந்திக்கொண்டு போற நாளிலயும் அப்பிடித்தான் இருக்கும். ஒரு பெட்டையும் பெடியனும் பாலத்தில சப்பாணி கட்டியிருந்து பாண் தின்னுதுகள். ஒரு கிழவன் நாயோட நடக்கிறார். ஒருத்தரும் ஒருத்தரையும் எங்க போறியள் எண்டு கேக்கேல்லை. எனக்கு ஏனோ அழுகை வந்தது, காத்தெண்டு சொல்லிக் கண்ணைத் துடைச்சனான். அண்டைக்கு அது காத்தில்லை, தம்பி.

அந்தப் பாலத்துக்கு ரெண்டு வழி. மேலால ரோட்டில இருந்து வாறது ஒண்டு, கீழால ஆத்தங்கரையில இருந்து ஏறி வாறது மற்றது. ரெண்டும் நடுவில வந்து ஒண்டாகுது. எனக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். அதுக்குத்தானே அங்க கூட்டிக்கொண்டு போனனீ. பாலத்தின்ர நடுவுக்கு வர, கீழ்வழியால முதல் ஒரு தலை வந்தது, பிறகு கழுத்தில சிவப்புத் துணி, பிறகு முழுசாய் ஒரு பெட்டை. பலகைக்குள்ளால ஆரோ எழும்பி வாற மாதிரி எனக்கு இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"அம்மா, இது நாகபூசணி. நயினாதீவு" எண்டனீ.

"நயினாதீவோ" எண்டன்.

"வணக்கம் அன்ரி. குளிருதோ? என்ர துணியைக் கட்டுங்கோவன்" எண்டு அவள் கழுத்தில கிடந்ததைக் கழட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை. எனக்குக் குளிரேல்லை." எனக்குப் பல்லு அடிச்சுக்கொண்டு இருந்தது.

நீ பொறுக்கேல்லை. "அம்மா, நாங்கள் கலியாணம் செய்யப் போறம். அவளுக்குச் சம்மதம், கோயிலில கட்டலாம். இஞ்சத்தைச் சுவாமி என்ர பேப்பர் இல்லாமல் ஏலாதெண்டிட்டார். கொண்டு வந்தனீங்களோ?" எண்டு கேட்டனீ.

கைப்பை என்ர கக்கத்துக்குள்ள. அதுக்குள்ள பேப்பர். நான் உன்ர முகத்தைப் பார்த்து, நல்ல தெளிவாய்ச் சொன்னனான், "எங்க தம்பி, பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில துலைஞ்சு போச்சாம். சுவாமி கையை விரிச்சுப்போட்டார்."

நீ கொஞ்சமும் யோசிக்கேல்லை. என்ர தோளில கை வைச்சு, "பரவாயில்லை அம்மா, சனம் எத்தினையைத் துலைச்சுது, ஒரு புத்தகம்தானே" எண்டனீ. அந்தப் பெட்டையும் தலையைக் குனிஞ்சு, "எங்கட வீட்டிலயும் ஒண்டும் மிஞ்சேல்லை அன்ரி" எண்டாள். நீங்கள் ரெண்டு பேரும் எனக்கு ஆறுதல் சொல்லுறியள். நான் பையை இறுக்கிக்கொண்டு நிக்கிறன். கள்ளர் பயத்தில பிடிக்கிறன் எண்டு நினைச்சு, இஞ்ச பயமில்லை அம்மா எண்டு நீ வேற சொன்னனீ.

இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. எங்கட சனத்திட்ட மற்ற எந்தப் பொய்யும் பிடிபட்டுப் போகும், இந்தப் பொய் மட்டும் பிடிபடாது. காணி உறுதி துலைஞ்சவை இருக்கினம், கலியாணப் படம் துலைஞ்சவை இருக்கினம், பிள்ளையைத் துலைச்சவை இருக்கினம். அதனால ஆரும் துலைஞ்சு போச்செண்டு சொன்னால் மற்ற ஆள் அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்காது. அது எங்கட மரியாதை. நான் அந்த மரியாதைக்குப் பின்னால ஒளிச்சனான். உண்மையாய்த் துலைச்ச சனத்தை நினைக்க எனக்குக் கூசுது. கலியாணம் கட்டப்போற உனக்கு ஒரு புத்தி சொல்லுறன். ஆறுதல் சொல்ல அவசரப்படாத. ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒண்டைச் சொன்னால், இன்னொருக்காக் கேள். நீ இன்னொருக்காக் கேட்டிருந்தால் நான் அண்டைக்கே எடுத்துத் தந்திருப்பன் எண்டு நினைக்கிறன். நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது.

ஏன் அப்பிடிச் செய்தனான் எண்டு நீ கேப்பாய். அவள் எங்களை மாதிரி வேதக்காரி இல்லை, சைவம் எண்டதுக்காக எண்டு நீ நினைக்கலாம். அதில்லை. உனக்கு ஆறு வயசு. நயினாதீவுத் திருவிழாவுக்குச் சனம் ஏத்தக் கொப்பர் வள்ளம் கொண்டு போனவர், எங்களையும் கூட்டிக்கொண்டு போனவர். வெயில். நீ தண்ணி தண்ணி எண்டு அழுதனீ. நான் ஒரு வீட்டுப் படலையில நிண்டு கேட்டன். ஒரு மனுசி செம்போட வந்து, எங்கத்தையாள் எண்டு கேட்டவ. ஊர்காவற்றுறைக் கரை, வள்ளம் ஓட்டுற ஆக்கள் எண்டு சொன்னன். செம்பை என்ர கையில தரேல்லை. உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு கையை ஏந்தச் சொன்னவ. நான் கையை ஏந்தினன், நீ என்ர கையில வாய் வைச்சு உறிஞ்சிக் குடிச்சனீ. அம்மா இன்னும் எண்டனீ. இன்னும் கொஞ்சம் வாத்தவ. உனக்கு அது விளையாட்டு, வழி முழுக்கக் கையை ஏந்து ஏந்து எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீ. நான் கொப்பருக்கும் சொல்லேல்லை. அப்ப எல்லா இடமும் அதுதான் பழக்கம், அந்த மனுசி கெட்டவவும் இல்லை, கேட்ட உடன தண்ணி கொண்டு வந்தவ. ஆனால் எனக்கு மனதுக்குள்ள அந்தத் தீவு முழுக்க அந்தப் படலைதான். அந்தப் பெயரைக் கேட்ட உடன என்ர வாய் தன்ர பாட்டில பொய் சொல்லிப்போட்டுது.

நான் ஊருக்கு வெளிக்கிடுற அண்டு நாகபூசணி உன்ர அறைக்கு ஒரு பார்சல் கொண்டு வந்து தந்தவள், என்ர அம்மாவிட்டக் குடுத்து விடுங்கோ அன்ரி எண்டு. வெளிநாட்டில இருந்து வாறவையிட்டப் பார்சல் தந்தால் மாட்டனெண்டு சொல்லுறது எங்கட ஊரில இல்லை. வாங்கினன். கொண்டு வந்து அலுமாரியில வைச்சுப் பூட்டினன். சித்திரை போய், வைகாசி போய், ஆவணியும் வந்தது. நீ ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியிற நேரம் பார்த்து ரெலிபோன் கடைக்கு எடுப்பாய். புத்தகம் இல்லாட்டில் ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைச்சால் போதுமாம் அம்மா எண்டனீ. நான் ஒரு ஞாயிறு சுவாமி யாழ்ப்பாணம் போயிட்டார் எண்டன். மற்ற ஞாயிறு சாட்சிக்கு ஆள் இல்லை எண்டன். பிறகொரு நாள், அவளின்ர பிறப்புப் பேப்பரும் கிடைக்குதில்லை, அது இல்லாமல் இஞ்ச கலியாணப் பதிவு எழுத்தும் எழுத ஏலாது, எங்களுக்கு ஒண்டும் சரிவருகுதில்லை அம்மா எண்டு நீ சொல்லேக்க உன்ர குரல் உடைஞ்சு போய் இருந்தது. நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? ஆண்டவரும் என்ர பக்கம்தான் நிக்கிறார் எண்டு நினைச்சனான். பெத்த தாய் நினைச்சனான். அதுக்குப் பிறகு நீ எடுக்கேல்லை. நாலு ஞாயிறு அந்தக் கடை வாங்கில போய்க் குந்தியிருந்திட்டு வந்தனான். கடைக்காரப் பெடியன் எனக்காக ரெலிபோனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான், வேலை செய்யுதோ எண்டு.

நாலாம் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தனான். நித்திரையோ முழிப்போ தெரியாது. அந்தப் பாலம் எங்கட துறையில இருந்து வெளிக்கிட்டுப் போகுது. அதே பலகை, அதே நீக்கல், கீழ எங்கட கடல். சனம் சும்மா நடக்குது. ஒருத்தற்ற கையிலயும் அடையாள அட்டை இல்லை. கொப்பர் கழட்டின சேட்டைத் தோளில போட்டுக்கொண்டு நடக்கிறார், திரும்பிப் பார்த்து வாவன் எண்டுறார். எனக்கு ஏறத் தெரியேல்லை. கால் வைக்கிறதெண்டால் பக்கத்தில ஏதாவது பிடிக்க வேணும், ரெண்டு கையாலயும் பையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். விட மனமில்லை. கொப்பர் பொறுத்துப் பார்த்திட்டு நடந்திட்டார். முழிச்சு, முகத்தைக் கழுவிப்போட்டு, சுவாமியிட்டப் போனன்.

பழைய பேப்பர் ஆறு மாதம் தாண்டிப் போச்சு, அங்க எடுக்கமாட்டினம், புதுசாய் எழுதித் தாறன் எண்டு சுவாமி புத்தகத்தை எடுத்தார். ஏன் நேரத்துக்குக் குடுக்கேல்லை எண்டு கேட்டார். புத்தகம் துலைஞ்சு போச்செண்டு சொல்லிப்போட்டன் சுவாமி எண்டன். அவர் பேனையை வைச்சார். "நான் சயிக்கிள் கரியரில கட்டிக்கொண்டு, மழைக்குள்ள சட்டையைக் கழட்டிச் சுத்திக்கொண்டு திரிஞ்ச புத்தகத்தையோ?" எண்டு மட்டும் கேட்டார். பிறகு பேனையை எடுத்து எழுதத் தொடங்கிட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். உன்ர பெயருக்கு நேர கொப்பற்ற கையெழுத்துக் கிடந்தது. எழுத்து எழுத்தாய், குழந்தைப்பிள்ளை எழுதின மாதிரி. பத்து வரியத்துக்குப் பிறகு அவற்ற கையெழுத்தைக் கண்டனான். தொட்டுப் பார்க்கலாமோ எண்டு கேட்டன். தொடுங்கோ எண்டார்.

அடுத்த நாள் பார்சலையும் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறி, அங்கயிருந்து வள்ளத்தில நயினாதீவுக்குப் போனனான். இறங்கி விசாரிக்க ஒரு பெடியன் கூட்டிக்கொண்டு போய் விட்டான். அந்தப் பழைய படலை வீட்டையும் வழியில கண்டனான், கூரை இல்லை, ஆக்கள் கனடாவாம். நாகபூசணியின்ர வீடு அங்கால. தாய் என்ர வயசு மனுசிதான், என்னைவிட மெலிவு. நான் ஆரெண்டு சொன்ன உடன முகம் இறுகிப் போச்சு. தகப்பன் எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டார். இருங்கோ எண்டவ, பேணியில தேத்தண்ணி கொண்டு வந்து கையில தந்தவ. குடிச்சன். பார்சலைப் பிரிச்சா. ஒரு கம்பளிச் சட்டை, கால் நோவுக்குப் பூசுற மருந்து, நடுவில ஒரு படம். அண்டைக்குப் பாலத்தில அந்த நாய்க்காரக் கிழவனிட்டக் கமெராவைக் குடுத்து எடுப்பிச்சதே, அது.

படத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தா. பிறகு சொன்னா, "நீங்கள் அவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

நான் வாங்கிப் பார்த்தன். ஓம். ஒரு கையால பை, மற்றக் கையால அந்தப் பெட்டையின்ர கையைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். எனக்கு அது ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் ஓடிப் போகப் பாலம் ஆடினது, பயத்தில பக்கத்தில கிடைச்சதைப் பிடிச்சிருப்பன்.

"அவள் போய் ஏழு வரியம். அங்க அவளை ஒருத்தர் கையில பிடிச்சதை இப்பத்தான் காணுறன்" எண்டு அந்த மனுசி அழத் தொடங்கிட்டா.

பாலம் ஆடினது எண்டு சொல்லியிருக்கலாம். "ஓம், பிடிச்சனான்" எண்டன். சொன்னாப் பிறகு அது பொய்யெண்டு எனக்குப் படேல்லை. ஆடேக்க பிடிக்கிற அளவுக்கு அவள் கிட்ட நிண்டிருக்கிறாள், விடுங்கோ எண்டும் சொல்லேல்லை. அந்த மனுசியைப் பார்த்துக்கொண்டு என்னால பிறகு சும்மா இருக்க முடியேல்லை. எல்லாத்தையும் சொன்னன். பேப்பர், பை, துலைஞ்சு போச்செண்டு சொன்னது, ஞாயிறு ஞாயிறு சொன்ன சாட்டு, ஒண்டும் விடேல்லை.

அவ அழுறதை நிப்பாட்டிப்போட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. எழும்பி உள்ளுக்குப் போனா. அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. சீலைக்கு அடியில இருந்து எடுத்த ஒரு பேப்பரோட வந்து என்ர மடியில வைச்சா. நாகபூசணியின்ர பிறப்புப் பேப்பர், எடுத்து ரெண்டு மாதமும் இல்லை.

"பதிவுக் கந்தோர் எரிஞ்சு எல்லாம் போச்செண்டு பிள்ளைக்கு எழுதிப்போட்டன், அக்கா" எண்டா.

தம்பி, நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கேல்லை. ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பார்க்க வெக்கமாய் இருந்தது. உங்கட பெடியன் எப்பிடி எண்டு அவ கேட்டா. சாப்பாட்டில உப்புக் குறைஞ்சால் முகத்தைத் தூக்குவான், கை நீட்டமாட்டான், ஆரும் ஒண்டைச் சொன்னால் அப்பிடியே நம்புவான் எண்டன். நம்புறவனோ எண்டு கேட்டு, பேப்பரை என்ர மடியில இருந்து திருப்பி எடுத்தா. இதை நான் தபாலில போடமாட்டன், அவனை நேரில கண்டு அவன்ர கையிலதான் குடுப்பன், ஆனால் எனக்குக் கொழும்புக்கே தனியப் போகத் தெரியாது எண்டா. நான் தெரிஞ்சவள் மாதிரி, நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டிட்டன்.

உனக்கு என்னில கோவமெண்டால் அது நியாயம். என்னோட கதைக்காமல் இருக்க விருப்பமெண்டால் இரு, நான் பொறுப்பன். நாகபூசணியிட்ட எல்லாத்தையும் மறைக்காமல் சொல்லு. ஆனால் தம்பி, ரெண்டு பேருக்கு விசா எழுது. அவளின்ர தாய் வாற வழியில ஒரு வேளை மனம் மாறித் திரும்பப் போவம் எண்டு சொல்லக்கூடும். விடமாட்டன், நான் பக்கத்தில இருப்பன்.

அம்மா